மார்க் விழுகிற பாட்டு

வடவள்ளியில் ஒரு விதைக்கடைக்கு மேலே பாட்டுக்கூடம் ஒன்று இருந்தது. மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை அது பெண்களுக்கு மட்டும். சன்னலுக்கெல்லாம் நீலத் திரை போட்டிருந்ததால் வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே எப்போதும் மழைக்கு முந்தின நேரம்போல இருக்கும். சுவரில் பாட்டு வரி ஓடும். பாடப் பாட வெள்ளை எழுத்து மஞ்சளாக மாறும். பாடி முடித்ததும் கரோக்கே மெஷின் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும்.

அந்த மார்க்குக்காக அங்கே வருகிறவர்கள் பட்ட பாடு இருக்கிறதே, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தோற்றுப்போவார்கள்.

கூடத்தை நடத்தியவள் ஜெஸிந்தா. வயது முப்பத்திரண்டுதான். ஆனாலும் பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். யாருக்கு எந்தப் பாட்டு என்று அவள் சொன்னால் சொன்னதுதான். நர்ஸ் பருவதத்துக்கு மூச்சு குட்டை. சின்னச் சின்ன வரியாக வருகிற பாட்டாகப் பார்த்துக் கொடுத்தாள், எண்பத்தெட்டு விழுந்தது. சாந்தலட்சுமி ஹம்மிங்கில் வழுக்கி விழுகிறவள். ஹம்மிங்கே இல்லாத பாட்டு ஒன்றைத் தேடிக் கொடுத்தாள், தொண்ணூற்றொன்று. அன்றைக்கு சாந்தலட்சுமி தெருவுக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தாள்.

புரட்டாசி மாதம் சம்பூரணம் அந்தப் படியேறி வந்தாள். ஐம்பத்தாறு வயது. ஐப்பசியில் ஒரே மகள் பொன்னரசிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வரவேற்பு மேடையில் மெஷினை வைத்து இரண்டு சம்பந்தியம்மாக்களையும் பாடவிடுவார்கள். மார்க் பெரிய திரையில் வரும். மாப்பிள்ளையின் அம்மா கனகாம்புஜம் தொண்ணூற்று நாலுக்குக் கீழே இறங்கியதே இல்லையாம். நிச்சயதார்த்தத்தன்றே நாலு பேர் காதில் விழும்படி அதைச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள், மகராசி.

தோற்பதுகூட சம்பூரணத்துக்குப் பெரிதில்லை. பொன்னரசி ஒன்பது வயதில், பள்ளிக்கூட விழாவில் அம்மாக்களைப் பாடச் சொன்னபோது, இவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "அம்மா, நீ பாடாத. ஆம்பளை மாதிரி இருக்குது" என்றாள். பிள்ளை அன்றைக்கே மறந்துவிட்டது. தாய் மறக்கவில்லை. அதற்கப்புறம் அடுப்படியில்கூட அவள் வாயில் பாட்டு வந்ததில்லை. அந்த மகள் பார்க்க, அந்த மேடையில், ஒரே ஒருமுறை நல்ல மார்க் வாங்கிவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

"டீச்சர், பொம்பளைங்களுக்கு மார்க் விழற பாட்டு எதுங்க?" என்று கேட்டாள்.

ஜெஸிந்தா சன்னல் திரையை விலக்கி, கீழே இருக்கிற இளநீர்க்காரரைக் கூப்பிடச் சொன்னாள். பாட்டுக் கேட்டால் இளநீரா என்று சம்பூரணம் முழித்தாள். இருந்தாலும் டீச்சர் சொன்னால் தட்ட முடியுமா? வெளியே தலையை நீட்டி, "இளநீர்க்காரரே!" என்றாள்.

அவர் வெட்டுகிற காயிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சொல்லுங் சார்" என்றார். அப்புறம் அண்ணாந்து பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

உள்ளே இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சம்பூரணத்துக்கு முகம் சிவந்துவிட்டது. ஜெஸிந்தா சிரிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் புதிய பக்கத்தில் அவள் பெயரையும், கீழே ஒரு பாட்டையும் எழுதிக் காட்டினாள். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டுகிற ஒருவன், வாய்க்கால் ஓரமாக நடந்துகொண்டே பாடுகிற பழைய பாட்டு. ஆண்கள் பாடுகிற தாழ்ந்த சுருதி, ஒரு கட்டை. அவசரமே இல்லாமல், பாத்தி பாத்தியாக நிரம்பிக்கொண்டு போகும்.

"பொம்பளைக்குப் பாட்டுக் கேட்டா ஆம்பளை பாட்டத் தர்றீங்களே" என்றாள் சம்பூரணம்.

"ஆம்பளை பாட்டுன்னு நான் எழுதலீங்க அக்கா. உங்க பேரத்தான் எழுதியிருக்கேன்" என்றாள் ஜெஸிந்தா.

சம்பூரணம் கேட்கவில்லை. அவள் பிடித்த முயலுக்கு மூணே கால். கனகாம்புஜத்துக்கு எந்தப் பாட்டில் தொண்ணூற்று நாலு விழுகிறதோ அதே பாட்டை விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்து, அதையே போடச் சொன்னாள். ஒருத்திக்கு விழுகிற மார்க் இன்னொருத்திக்கு விழாமலா போகும் என்பது அவள் கணக்கு. பாட்டோ ஐந்தரைக் கட்டையில் ஆரம்பித்து, அங்கிருந்து கோபுரம் ஏறுகிற பாட்டு. ஜெஸிந்தா மறுபேச்சில்லாமல் போட்டுவிட்டாள்.

முதல் வாரம் நாற்பத்தொன்று. இரண்டாம் வாரம் நாற்பத்து மூன்று. மூன்றாம் வாரம், மிளகுப் பாலும் பனங்கற்கண்டும் சாப்பிட்டுவிட்டு வந்து பாடியும் முப்பத்தொன்பது. சுருதியை இறக்கித் தரட்டுமா என்று ஜெஸிந்தா ஒருநாள் கேட்டாள். கனகாம்புஜம் இறக்கியா பாடுகிறாள் என்று இவள் வீம்பாகச் சொல்லிவிட்டாள்.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பொன்னரசியும் கூட வந்தாள். தையல்காரரிடம் ரவிக்கை வாங்கப் போகிற வழியில், அம்மா தினமும் எங்கே போகிறாள் பார்க்கலாமே என்று ஏறி வந்தவள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். பத்து நாளாக அந்தப் பெண்ணுக்குத் தூக்கமே இல்லை. புது வீடு, புது ஊர், முன்பின் பழகாத மனுசர்கள். வாய்விட்டு எதையும் சொல்லமாட்டாள். விடிய விடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். சம்பூரணமும் ஜாதிக்காய்ப் பால் கொடுத்துப் பார்த்தாள், தலைக்கு எண்ணெய் வைத்துப் பார்த்தாள், உள்ளங்காலைத் தேய்த்துவிட்டுப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

மகளைப் பார்த்ததும் சம்பூரணம், இன்றைக்காவது விழுந்துவிடாதா என்று மருதமலை முருகனை வேண்டிக்கொண்டு, கனகாம்புஜத்தின் பாட்டையே எடுத்தாள். பல்லவியை எப்படியோ தாண்டிவிட்டாள். சரணத்தில், மேலே ஏறுகிற இடத்தில், தொண்டை கட்டிக் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அதற்கப்புறம் சத்தமே வரவில்லை. எழுத்து மட்டும் தன்பாட்டுக்கு மஞ்சளாகிக்கொண்டு போனது.

முப்பத்தைந்து.

பொன்னரசி சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பூரணம் ஒலிவாங்கியைக் கீழே இறக்கினாள். ஒன்பது நாளில் இனி எந்தத் தொண்டை புதிதாக முளைக்கப்போகிறது? மானம் போனது போனதுதான், முழுக்க நனைந்தவளுக்கு முக்காடு எதற்கு என்று ஒரு சலிப்பு வந்தது. ஜெஸிந்தாவின் பக்கம் திரும்பி, "அந்தத் தண்ணி கட்டறவன் பாட்டப் போடுங்க" என்றாள்.

புல்லாங்குழல் எடுத்தது. ஏசி மெல்ல இரைந்தது. திரையில் வரி வந்தது.

முதல் சொல்லுக்கு வாயைத் திறந்தபோது சம்பூரணத்துக்கே ஆச்சரியமாக இருந்தது. எங்கேயும் ஏற வேண்டியிருக்கவில்லை. பேசுகிற இடத்திலேயே பாட்டு இருந்தது. வயிற்றுக்குள்ளிருந்து குரல் தானாகக் கிளம்பி நெஞ்சைத் தாண்டி வெளியே நடந்தது. வாய்க்கால் ஓரத்து ஈரம் காலில் படுகிறது என்றே நினைத்தாள். ஒரு பாத்தி நிரம்பியது, மடையைத் திருப்பினாள், அடுத்த பாத்திக்குத் தண்ணீர் போனது. மெஷின் மறந்துபோயிற்று. மேடை, கனகாம்புஜம், தொண்ணூற்று நாலு எல்லாமே எங்கோ வரப்புக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டன. நீலத் திரைக்குப் பின்னால் வெயில் அசைந்தது. இத்தனை வருசம் அடைத்துவைத்த தண்ணீர் எவ்வளவு தூரம் போகும் என்று யாருக்குத் தெரியும்? அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கடைசி வரியும் மஞ்சளாகி மறைந்தது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

கூடத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. நர்ஸ் பருவதத்தின் தலை பின்னால் சாய்ந்திருந்தது. சாந்தலட்சுமி கைப்பையைக் கட்டிக்கொண்டு, லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். சம்பூரணத்துக்குச் சுருக்கென்றது. அவ்வளவு கேவலமாகவா பாடித் தொலைத்தேன் என்று கண்ணில் நீர் முட்டியது. ஆள் ஆளுக்குத் தூங்கி வழிகிறார்களே, இதைவிட முப்பத்தைந்து மேல் இல்லையா?

அப்புறம் அவள் பார்வை சோபாவின் ஓரத்துக்குப் போனது.

பொன்னரசி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கமாகச் சரிந்து, வாய் கொஞ்சம் திறந்து, ஒரு கையைக் கன்னத்துக்கு அண்டக் கொடுத்து. மூச்சு சீராக ஏறி இறங்கியது. பத்து நாளாக நெற்றியில் விழுந்திருந்த அந்தச் சுருக்கம் இல்லை.

சம்பூரணம் செருப்பில்லாத காலை இன்னும் மெதுவாக வைத்து நடந்து போய், மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பெண் விழிக்கவில்லை. தூக்கத்திலேயே இன்னும் கொஞ்சம் நகர்ந்து அம்மாவின் தோளில் தலையை வைத்துக்கொண்டது. சம்பூரணம் மூச்சைக்கூட அடக்கித்தான் விட்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

பிறகுதான் சட்டென்று நினைவு வந்து சுவரைப் பார்த்தாள். மார்க் திரையில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அது எப்போதோ போய்விட்டிருந்தது. அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி மெஷின் காத்துக்கொண்டிருந்தது.

மெஷினுக்குப் பக்கத்தில் நாற்காலியில் ஜெஸிந்தா உட்கார்ந்திருந்தாள். நோட்டுப் புத்தகம் மடியிலிருந்து நழுவிக் கீழே கிடந்தது.

"டீச்சர்," சம்பூரணம் தோளை அசைக்காமல் கிசுகிசுத்தாள். இன்னொரு முறை கூப்பிட்டாள். ஜெஸிந்தா கண்ணைத் திறந்தாள்.

"எனக்கு எத்தன மார்க்குங்க விழுந்துச்சு?"

ஜெஸிந்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். அப்புறம் இவளைப் பார்த்தாள்.

"தெரியலீங்க அக்கா," என்றாள். "நானும் தூங்கிட்டேன்."