நாற்பதாவது வளைவு

மலைக்கு அடியில் ஒரு பட்டறை. மேலே போக நாற்பத்தெட்டு வளைவு. பட்டறையை நடத்துகிறவள் பேர் தெய்வானை, வயசு முப்பத்தெட்டு. அவளிடம் தொழில் கற்க வந்தவருக்கோ ஐம்பத்திரண்டு. தறி ஓட்டிக்கொண்டிருந்த வையாபுரி, தறி நின்றதும் ஸ்பேனரைப் பிடித்தவர். தலை நரைத்த பிறகு பள்ளிக்கூடமா என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டுமே! மூன்று வருஷத்தில் சத்தத்தை வைத்தே எஞ்சினின் நோவைச் சொல்லும் ஆளாகிவிட்டார் மனுஷன்.

ரொம்ப நாளாய்த் தொண்டையில் நின்ற கேள்வியை ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"மேஸ்திரியம்மா, நான் தனியாப் பட்டறை போடலாமுங்களா? மச்சான் ரோட்டோரமா ஷெட்டு தர்றேங்கறான். நீங்க சரின்னாத்தான்."

தெய்வானை கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மாராயியக்கா வண்டி வந்திருக்குதுங்கண்ணா. அதை நீங்களே முடிங்க. நான் கை வைக்க மாட்டேன். அப்புறம் சொல்றேன்."

மாராயி மலைமேல் இருக்கிறவள். அங்கே அன்னாசி வாங்கி, கீழே சந்தையில் விற்பவள். வண்டி முப்பது வருஷத்துப் பழைய பிக்கப். பக்கத்து சீட்டில் எப்போதும் அவள் புருஷன் செல்லான். கண் தெரியாதவர். வண்டி திரும்புவதை உடம்பாலேயே அறிந்து, ஒவ்வொரு வளைவையும் சத்தமாய் எண்ணிக்கொண்டே வருவார். ஒன்றுகூடத் தப்பாது.

"ஏறவே மாட்டேங்குது சாமி," என்றாள் மாராயி. "பாதி மலையில நின்னு மூச்சு வாங்குது. என்னையாட்டவே ஆயிப்போச்சு."

வையாபுரி ஆசை ஆசையாய் வேலை பார்த்தார். கார்பரேட்டர் வைத்த கிழட்டு எஞ்சினையும் அதன் நாலு கியர் பெட்டியையும் கழற்றி ஓரமாய் வீசினார். காயலாங்கடையில் தேடிப் பிடித்த இன்ஜெக்ஷன் எஞ்சினை இறக்கினார். ஒயரிங்குக்கு மட்டும் ஒன்பது நாள். அதோடு எஞ்சின் அலட்டாமல் வண்டி வேகமாய் ஓட, ஓவர்டிரைவ் வைத்த ஐந்து கியர் பெட்டி. அது உள்ளே உட்காரவில்லை. சட்டத்தை வெட்டி, வெல்டு வைத்து, உட்கார வைத்தார். இவ்வளவுக்கும் தெய்வானை பக்கத்தில் நின்று பார்த்தாளே தவிர, வாயைத் திறக்கவில்லை.

அடிவாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின் வேலை முடிந்த வண்டிக்கு நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி, இருபதாவது வளைவு முனியப்பன் வரைக்கும் ஏற்றிப் பார்ப்பார்கள். சூடம் காட்டித் திரும்பினால் பட்டறைக்காரன் பொறுப்பு தீர்ந்தது. அதற்கு மேல் சாமி பாடு.

வண்டி ஏறியது பாருங்கள், ஒரு திணறல் இல்லை! இருபதாவது வளைவில் வையாபுரி சின்னப் பையனைப் போலச் சிரித்தார்.

"நிறுத்தாதீங்கண்ணா," என்றாள் தெய்வானை. "உச்சிக்குப் போங்க."

நாற்பதாவது வளைவில் மட்டும் நிறுத்தச் சொன்னாள். இறங்கி, கைப்பிடிச் சுவரில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தாள். அங்கே பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜீப் உருண்டு இரண்டு பேர் போனார்கள். மலை ஏறும்போதெல்லாம் அவள் பழம் வைப்பாள். உங்களுக்குச் சொந்தமா என்று யாரும் கேட்டதில்லை.

உச்சியில் ஒரு தோட்டத்தில் சொல்லி வைத்திருந்தாள். ஒரு டன் அன்னாசியை ஏற்றினார்கள். வையாபுரிக்கு ஒன்றும் புரியவில்லை.

"சுமை எதுக்குங்க? அதான் வண்டி ஏறிருச்சே."

"மாராயியக்கா மேல ஏறும்போது என்னண்ணா ஏத்திட்டு வருவாங்க?"

"வெறும் வண்டிதான். பழம் கீழ போறப்பத்தானுங்களே..."

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தெய்வானை இரண்டு முட்டுக்கட்டைகளைக் காலடியில் போட்டுக்கொண்டு, செல்லானின் சீட்டில் மடித்துக் கிடந்த பழைய சேலைமேல் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள்.

"மெதுவா விடுங்க," என்றாள். "நாப்பத்தெட்டு."

நாற்பத்தேழு. நாற்பத்தாறு. இரண்டாம் கியரில் போட்டும் வண்டி நிற்கிறதாயில்லை. பின்னாலிருந்து அன்னாசி தள்ளியது. முதல் கியரும் கேட்கவில்லை. வையாபுரி பிரேக்கிலிருந்து காலையே எடுக்கவில்லை.

"நாப்பத்தி நாலு."

பிரேக் லைனிங் கருகும் வாசம் வந்தது.

"நாப்பத்தி மூணு."

பெடல் பஞ்சாய் உள்ளே போனது.

"நாப்பத்தி ரெண்டு."

பெடல் தரையைத் தொட்டது. "போச்சுங்க, போச்சு!" என்று அலறினார் வையாபுரி.

"மலைச்சுவர்ப் பக்கம் ஒடிங்க. மண்ணுல ஏத்துங்க!" தெய்வானை கை பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தாள். வண்டி ரோட்டோர ஓடை மண்ணைக் கிழித்து, சுவரில் உரசி, நாற்பத்தோராவது வளைவுப் பலகைக்கு முன்னால் நின்றது. அவள் குதித்து இறங்கி முட்டுக் கொடுத்தாள்.

வையாபுரி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"நாளைக்கு அந்தப் பொம்பளை ஓட்டியிருக்குமே. அவரு பாட்டுக்கு எண்ணிட்டே வந்திருப்பாரே. ஐயோ!"

தெய்வானை தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பிரேக்கைப் பாத்தீங்களாண்ணா?"

"பாத்தனுங்க. பழசுன்னாலும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இத்தனை வருஷம் எறக்கத்துல பிரேக்குக்கு வேலை வைக்காம வண்டியைப் புடிச்சு எறக்குனது அந்தக் கிழட்டுக் கியரு. அதை நான் கழட்டி வீசிட்டேன். இனிமே பட்டறைப் பேச்சே வேண்டாமுங்க."

"பட்டறை போடுங்க. இந்த பிரேக்கை முடிச்சிட்டுப் போடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஏறுனீங்க? வாயில ஒரு வார்த்தை சொன்னாப் பத்தாதுங்களா மேஸ்திரியம்மா?"

தெய்வானை கீழே பார்த்தாள். அடுத்த வளைவின் சுவரில், காலையில் வைத்த எலுமிச்சம்பழம் அப்படியே இருந்தது.

"அந்த ஜீப்புக்கு எஞ்சின் மாத்துனது நாந்தாங்கண்ணா," என்றாள். "எங்கிட்டயும் வாயிலதான் சொன்னாங்க."