முரலும் பூனை

"தாயே, அடைகுகைக்குள் அமர எனக்கும் அனுமதி தாருங்கள்."

மழைக்காலம் முழுவதும் ஊர் ஊராகச் சென்றிருந்த மரகதத்தம்மை அன்று மாலைதான் மலைமடத்துக்குத் திரும்பியிருந்தார். அவரைக் கால் கழுவக்கூட விடாமல் வைரவர் வாயிலிலேயே மறித்தார்.

குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். மனைவியை இழந்தபின் அமைதி தேடி மலையேறியவர். அமைதி மட்டும் வந்தபாடில்லை.

"இப்போது குகையில் இருப்பவர் யார்?"

"சடையப்பர். தாங்கள் புறப்பட்ட பின் உள்ளே போனார். பேரின்பம் எய்திவிட்டார், தாயே."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்ல வேண்டியதில்லை. கேட்டாலே தெரிகிறது."

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. குகைக்குள் ஒருவர் அமர்ந்ததும் கதவு சாத்தப்படும். அடியிலுள்ள துளை வழியே சோறு வைக்கப்படும். உள்ளே ஓங்காரம் ஒலித்துக்கொண்டிருக்கும் வரை எவரும் அழைக்கவோ தட்டவோ கூடாது. ஒருவரது இன்பத்தைக் கலைப்பது பெரும்பாவம் என்று எல்லோரும் நம்பினார்கள்.

சடையப்பரின் ஒலி சில நாள்களாக நிற்கவே இல்லை என்றார் வைரவர். மிகத் தாழ்ந்த ஒலி. மூச்சு வாங்கும் இடைவெளிகூடத் தெரிவதில்லை. சுவரில் கை வைத்தால் கல் அதிர்கிறது. வைத்த சோறு தீண்டப்படாமல் திரும்புகிறது. சடையப்பருக்கு உலை வைப்பது சாமிக்குப் படைப்பது போலத்தான், எல்லாம் நம் இலைக்கே வந்துவிடுகிறது என்று மடைப்பள்ளிக்காரர் வேடிக்கை பேசுவதையும் சொன்னார்.

அம்மை சிரிக்கவில்லை. குகையை நோக்கி வேகமாக நடந்தார். வைரவர் பின்தொடர்ந்தார்.

"அந்தச் சுவரோரம் அமர்ந்து பொறாமையில் அழுகிறேன், தாயே. அந்த இன்பம் எனக்கும் வேண்டும். இல்லையேல் நாளையே மலையிறங்கிவிடுவேன்."

அம்மை நடந்தபடியே தோளில் தொங்கிய துணிப்பொதியை எடுத்து அவர் கைகளில் வைத்தார்.

உள்ளே ஒரு சாம்பல்நிறப் பூனை. தலை மட்டும் வெளியே தெரிந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. தொண்டைக்குள் குர்ரென்று ஓர் ஒலி இடையறாது உருண்டது.

"எப்படி இருக்கிறது?"

"அதற்கென்ன குறை? தங்கள் தோளில் சவாரி. மகிழ்ச்சியில் முரல்கிறது." வைரவர் பெருமூச்சு விட்டார். "ஒரு பூனைக்கு வாய்த்தது எனக்கு வாய்க்கவில்லை."

"துணியை விலக்கிப் பாருங்கள், வைரவரே."

விலக்கினார்.

பின்னங்கால்கள் இரண்டும் நசுங்கியிருந்தன. இடுப்புக்குக் கீழே எது துணி, எது தோல் என்று தெரியவில்லை.

பூனை முரல்வதை நிறுத்தவில்லை. அவர் கண்களையே பார்த்தபடி முரன்றது.

அடிவாரத்தில் வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது என்றார் அம்மை. பாதையோரம் தனியே கிடந்தபோதும் இதே ஒலிதானாம். கடந்து போனவர்கள் பூனை சுகமாக உறங்குகிறது என்று எண்ணி விலகி நடந்தார்களாம்.

"வலித்தால் பூனை கத்துமே, தாயே?"

"கத்தும். கேட்க ஆள் உண்டு என்று நம்பும் வரை."

"அதன்பின்?"

"தன்னைத் தானே தாலாட்டிக்கொள்ளும்."

வைரவர் நின்றுவிட்டார்.

பூனையின் அதிர்வு அவர் உள்ளங்கைகளில் ஏறி முழங்கை வரை பரவியது. அவருக்கு அது புதிதல்ல. சுவரில் கை வைத்த ஒவ்வொரு முறையும் அவர் தொட்டது அதைத்தான்.

முற்றத்தில் பனி இறங்கியிருந்தது. மறுகோடியில் குகை தெரியவில்லை. ஒலி மட்டும் வந்தது. தாழ்ந்து, சீராக, இடைவெளியின்றி. கையிலிருந்த ஒலி எது, பனிக்குள்ளிருந்து வரும் ஒலி எது என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

அம்மை பூனையை வாங்கிக்கொண்டார்.

"இன்னும் அந்த இன்பம் வேண்டுமா உமக்கு?"

வைரவர் ஓடினார்.

குகை வாயிலில் மடைப்பள்ளிக்காரர் வழக்கத்தைச் சொல்லித் தடுத்தார். வைரவர் அவரைத் தள்ளிவிட்டு இரு கைகளாலும் கதவைத் தட்டினார்.

"சடையப்பரே."

ஒலி நின்றது.

மலையே மூச்சை அடக்கிக்கொண்டது போலிருந்தது.

பிறகு கதவுக்கு மிக அருகில், தரையோரத்திலிருந்து, ஒரு குரல் கேட்டது.

"யாரேனும் வந்துவிட்டீர்களா?"