நூற்றைம்பது கிராம் சண்டைக்காரன்

ஒரு ஊரில் மூன்று முட்டாள்கள் இருந்தார்கள் என்று ஆரம்பித்தால், வேறு யாரையோ சொல்கிறேன் என்று நிம்மதியாகப் படிப்பீர்கள். அதனால் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஊர் கோயம்புத்தூர், கணபதிப் பக்கம். மூவரில் ஒருவன் நான், பெயர் மாரப்பன். பதினெட்டு வருஷமாக எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறேன். இன்னொருவர் லேத்து ஓட்டும் சென்னியப்ப அண்ணன். மூன்றாவது ஆள் தெய்வானை, பம்பு கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிறாள். எங்களில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் அவள் மட்டும்தான் என்பதால், அறிவு சம்பந்தப்பட்ட காரியங்களை அவளிடம் விட்டிருந்தோம்.

குழந்தைவேலு அண்ணனின் பட்டறையில் பின்பக்க மூலை ஒன்று சும்மா கிடந்தது. வேலை விட்டதும் அங்கேதான் கூடுவோம். எதையாவது கழற்றுவோம். திரும்ப மாட்டியதாக ஞாபகம் இல்லை. வீட்டில் நான் ஸ்குருடிரைவரைக் கையில் எடுத்தால், என் மனைவி ஓடிப்போய் மிக்ஸிக்கு முன்னால் நின்றுகொள்வாள். சென்னியப்ப அண்ணனுக்கும் அவர் வீட்டில் அதே மரியாதைதான். உலகத்தில் எங்களை யாரும் திட்டாத இடம் அந்த மூலை ஒன்றுதான்.

ஒருநாள் குழந்தைவேலு அண்ணன் வந்து நின்றார்.

"ஏப்பா, இந்த மூலையில மாவு மில்லு போடலாம்னு இருக்கறேன். நீங்க வேற எடம் பாத்துக்குங்க."

மூவர் முகமும் செத்துப்போனதைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. போனை எடுத்து ஒரு அறிவிப்பைக் காட்டினார். அடுத்த மாதம் ஒரு விழாவில் குட்டி ரோபோக்களுக்குச் சண்டைப் போட்டி.

"எந்நேரமும் ஏதாச்சும் நோண்டறீங்கல்ல. இதுல ஒரே ஒரு ஆட்டம் கெலிச்சுட்டு வாங்க, மூலை உங்களுக்கே. இல்லீன்னா மில்லு வந்துரும்."

எங்களை நன்றாகத் தெரிந்த மனிதர். அன்றைக்கே மில்லுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

விதிப் புத்தகம் பதினொரு பக்கம். தெய்வானை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ரோபோவின் எடை நூற்றைம்பது கிராமுக்கு மேல் போகக்கூடாது. சென்னியப்ப அண்ணன் நாற்பது கிலோவுக்குக் குறைந்த எதையும் கையால் தொட்டதில்லை.

"நூத்தம்பது கிராமா? நான் சோத்துல ஊத்திக்கற தயிரே அதைவிட சாஸ்தியாச்சே," என்றார்.

விண்ணப்பத்தில் ரோபோவின் பெயர் கேட்டிருந்தார்கள். என்ன பெயர் என்று எங்களுக்குள் முடிவாகவில்லை. தெய்வானை பொய் எழுத மாட்டாள். 'இனிமேல்தான் வைக்க வேண்டும்' என்று எழுதி அனுப்பினாள். ஒரு வாரத்தில் பதில் வந்தது: 'இனிமேல்தான் வைக்க வேண்டும்' போட்டியில் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

சாமான் வாங்கிய கடையில், பேட்டரி சார்ஜ் ஆகும்போது அதைத் தனியாக விடக்கூடாது என்று கடைக்காரர் மூன்று தடவை சொல்லி அனுப்பினார். ஒழுங்காகத்தான் கேட்டுக்கொண்டோம். சார்ஜ் போட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்பியபோது சென்னியப்ப அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அது தனியா இருக்குது."

"ஆமாங்ண்ணா. என்னங் பண்றது?" என்றாள் தெய்வானை.

டார்ச் லைட்டில் இருந்து பழைய செல் ஒன்றைக் கழற்றி, பேட்டரிக்குப் பக்கத்தில் துணைக்கு வைத்தார். நிம்மதியாகப் போய் ஆளுக்கு இரண்டு வடையும் தின்றோம். திரும்பி வந்தபோது பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. டார்ச் செல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. துணைக்கு வைத்தது சின்ன செல், பெரிதாக வைத்திருக்க வேண்டும் என்று பேசி முடிவெடுத்து, புது பேட்டரி வாங்கினோம்.

ஒரு வழியாக அலுமினியத் தகட்டில் உடம்பு, இரண்டு சக்கரம், முன்னால் சுற்றுகிற பிளேடு என்று ரோபோ தயாரானது. எடை நூற்று நாற்பத்தொன்பது. ரிமோட்டில் முன்னால் தள்ளினேன். அது பின்னால் போனது. பின்னால் இழுத்தேன். முன்னால் வந்தது.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதை நான் தினமும் பத்து மோட்டாருக்குச் செய்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு விழித்திருந்தேன், அதனால்தானோ என்னவோ தோன்றவே இல்லை.

"ரோபோ மேல தப்பு இல்லீங்ண்ணா. நாமதான் திரும்பி நிக்கறோம்," என்றாள் தெய்வானை.

சென்னியப்ப அண்ணன் என் தோளைப் பிடித்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். இப்போது முன்னால் தள்ளினால், எனக்கு எது முன்னாலோ அங்கேயே போனது. மூவரும் மனம் விட்டுச் சிரித்தோம். அன்றிலிருந்து போட்டி வரைக்கும் ரோபோ ஓடுவதை நான் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்து நின்று ஓட்டுவேன், எங்கே போகிறது என்று தெய்வானை சொல்வாள்.

போட்டியன்று காலையில் பூசை போட்டோம். புது மெஷினுக்குப் பூசை போடாமல் சுவிட்சைத் தொடுகிற பட்டறை எங்கள் பக்கத்தில் கிடையாது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். ரோபோவைவிடப் பழம் உயரமாக இருந்தது. ஏற முடியாமல் அது பழத்தோடு மல்லுக்கட்டுவதாகத் தெய்வானை சொன்னதும், முதல் சண்டையிலேயே தோற்றுவிடுமோ என்று பயந்தேன். சென்னியப்ப அண்ணன் பழத்தைச் சுத்தியலால் தட்டைப்படுத்திக் கொடுத்தார். பிறகு சந்தனம், குங்குமம், ஒரு துண்டு மல்லிகை.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில். எடை பார்க்கும் மேசையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். தராசில் வைத்தோம். நூற்று ஐம்பத்து நாலு.

"நாலு கிராம் அதிகம். எதையாவது எடுத்துட்டு வாங்க," என்றார்.

ஓரமாகப் போய் உட்கார்ந்து பேசினோம்.

"சந்தனத்தைத் தொடைச்சா செரியாப் போயிரும்," என்றேன் நான். அந்த ஒரு மாதத்தில் நான் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அது.

சென்னியப்ப அண்ணன் என்னை முறைத்தார். "சாமிக்கு வெச்சதை எடுப்பியா? உன்ற குடும்பம் நல்லா இருக்கணுமா வேண்டாமா?"

வெட்கமாகப் போய்விட்டது. சாமிக்கு வைக்காதது எது என்று பார்த்துக்கொண்டு வந்தோம். பிளேடு மேல் சந்தனம் படவில்லை. அதைக் கழற்றினோம். மறுபடி தராசு. நூற்று நாற்பத்தாறு.

"செரிங்க, போலாம்," என்றார் அந்த அம்மா.

"இன்னும் நாலு கிராம் எடம் இருக்குதுங்களே," என்றாள் தெய்வானை. கொடுத்த இடத்தை வீணாக்குவது அவள் கம்பெனியில் பெரிய குற்றம்.

பிளேடு இருந்த இடத்தில் சென்னியப்ப அண்ணன் சந்தனம் வைத்தார். கை தாராளமான கை. நூற்று ஐம்பத்து மூன்று ஆகிவிட்டது. வைத்ததை எடுக்க முடியாதே என்று மேல்மூடியைக் கழற்றினோம். குறைந்தது. மறுபடி இடம் இருந்தது, மறுபடி வைத்தார், மறுபடி கூடியது. கடைசியில் இடது சக்கரத்தை அதன் மோட்டாரோடு கழற்றி, அந்தப் பள்ளத்தையும் சந்தனத்தால் நிரப்பியபோது, தராசு கச்சிதமாக நூற்றைம்பது காட்டியது. நாங்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, திரும்பப் போட்டு எங்களைப் பார்த்தார்.

எதிரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பசங்களின் ரோபோ. அதன் பிளேடு சுற்றினால் மண்டபத்துக் காற்றே கிழிகிற மாதிரி சத்தம். மைக்கில் எங்கள் பெயரை அறிவித்தார்கள். "அடுத்து மோதுவது, இனிமேல்தான் வைக்க வேண்டும்!" கூட்டம் கைதட்டியது. குழந்தைவேலு அண்ணனும் வந்திருந்தார். நான் சண்டை நடக்கும் கண்ணாடிக் கூண்டுக்கு முதுகைக் காட்டி நின்று, ரிமோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மூலை போய்விட்டால் சாயங்காலங்களில் எங்கே போவேன் என்று நினைத்தபடியே முன்னால் தள்ளினேன்.

"தெய்வானை, எங்க போகுது?"

"சுத்துதுங்ண்ணா."

"எந்தப் பக்கம் சுத்துது?"

"சும்மா சுத்துதுங்ண்ணா. கோயில் சுத்தறாப்புல."

ஒற்றைச் சக்கரத்தில் வேறென்ன செய்யும். நின்ற இடத்திலேயே வட்டம் போட்டது. மூடியில்லாத உடம்பிலிருந்து ஈரச் சந்தனம் வழிந்து, தரையில் வழுவழுவென்று ஒரு வளையம் விழுந்தது. காலேஜ் ரோபோ ஆவேசமாகப் பாய்ந்து வந்தது. வந்த வேகத்தில் வளையத்தில் ஏறியது. இரண்டு சக்கரமும் சந்தனத்தில் வழுக்க, நிற்க முடியாமல் சறுக்கிக்கொண்டே போய், ஓரத்தில் இருந்த குழிக்குள் விழுந்தது. குழியில் விழுந்தால் தோல்வி. எல்லாம் அரை நிமிஷம்.

எனக்கு ஒன்றும் தெரியாது. மும்முரமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். தெய்வானை வந்து கையில் இருந்த ரிமோட்டைப் பிடுங்கினாள்.

"கெலிச்சுட்டமுங்ண்ணா."

அழுதுவிட்டேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, பக்கத்தில் சென்னியப்ப அண்ணன் என்னைவிடச் சத்தமாக அழுதுகொண்டிருந்தார். குழந்தைவேலு அண்ணன் சொன்ன வாக்குத் தவறாதவர். மில்லுக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்பதாகச் சொல்லிவிட்டு, வாயைத் திறந்தபடியே வீட்டுக்குப் போனார். இரண்டாவது ஆட்டத்தில் எங்களுக்கு என்ன ஆனது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம், நான் பார்க்கவில்லை.

மறுநாள் மூலையில் உட்கார்ந்து, ஜெயித்த காரணத்தை அலசினோம்.

"பிளேடைக் கழட்டுனோம், நல்லதாப் போச்சு," என்றார் சென்னியப்ப அண்ணன். "சக்கரத்தைக் கழட்டுனோம், இன்னும் நல்லதாப் போச்சு. சந்தனம் வெக்க வெக்க பலம் கூடுச்சு."

"அப்ப மிச்சம் இருக்கற சாமானெல்லாம்?" என்றேன்.

"எடைதான்," என்றாள் தெய்வானை.

ஒரே வாரத்தில் அடுத்த வருஷத்து ரோபோ தயார். நூற்றைம்பது கிராம் சந்தன உருண்டை. உள்ளே வேறு எதுவும் இல்லை. பெருமையோடு குழந்தைவேலு அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் குனிந்து பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார்.

"மோட்டாரு?"

"இல்லீங்ண்ணா. அதனால கட்டுப்பாட்டை விட்டு ஓடவே ஓடாதுங்," என்றாள் தெய்வானை.

"இதுக்கு எதுக்கப்பா பத்தடி மூலை? ஒரு சோப்பு டப்பா போதுமே."

மூவரும் யோசித்தோம். எப்படிப் பார்த்தாலும் அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. மூலையை நாங்களே பெருக்கிக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை மில்லு வந்து இறங்கியது. அவரே ஒரு சோப்பு டப்பா வாங்கி, மில்லுக்கு மேலே இருக்கும் ஜன்னல் விளிம்பில் எங்களுக்கு இடம் ஒதுக்கினார். இப்போது தினமும் சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே ரோட்டில் நின்று பயிற்சி செய்கிறோம். முதல் பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராம் நாள் மில்லு ஓடிக்கொண்டிருந்தபோது ரிமோட்டைத் தள்ளினேன். விளிம்பு அதிர்ந்தது, உருண்டை டப்பாவோடு சேர்ந்து இரண்டு அங்குலம் நகர்ந்தது.

மில்லு நின்றால் அதுவும் நின்றுவிடுகிறது. அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்? அடுத்த போட்டியை இங்கேயே, மில்லுக்குள்ளேயே நடத்தும்படி தெய்வானை விழாக்காரர்களுக்கு விவரமாகக் கடிதம் எழுதிப் போட்டிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு மிளகாய் அரைப்பார்கள்.