முதல் கையெழுத்து

அந்த ஊருக்கு நெட் கொடுப்பது ஒரே ஒரு கம்பெனி. வீடு வீடாகப் போய் ரவுட்டர் மாட்டுகிறவள் செண்பகவல்லி. கம்பெனி கொடுத்த ரவுட்டரின் மென்பொருளில் ஓட்டை இருந்தது. எங்கோ உட்கார்ந்துகொண்டு எவனும் அதற்குள் நுழைந்துவிடலாம். அதை அடைக்கிற அப்டேட் பழைய மாடலுக்கு வராது என்று கம்பெனி கைவிரித்துவிட்டது.

விஷயம் கசிந்து, ஊரே ஆபீசில் திரண்டது. அத்தனை பேர் முன்னாலும் மேனேஜர் தனுஷ்கோடி அவளிடம் ஒரு தாளை நீட்டினார்.

"ரவுட்டர் பத்திரமா இருக்குன்னு அறுநூறு வீட்லயும் சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து வாங்கிட்டு வா. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"வாங்கிடுறேன் சார். முதல் கையெழுத்து நீங்க போடுங்க. டவுன்ல உங்க வீட்ல வேற கம்பெனி ரவுட்டர்தானே இருக்கு? அதைக் கழட்டிட்டு இதை மாட்டிடுறேன்" என்று பையிலிருந்து ஒன்றை எடுத்தாள்.

"ஏய்! என் வீட்ல பிள்ளைங்க இருக்கு!" என்று அலறினார் மேனேஜர்.

ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்குப் போன வேகத்தில் ரவுட்டரைப் பிடுங்கிப் போட்டார்கள்.

அந்த ரோஷம் இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் ஒவ்வொரு வீடாக மறுபடியும் செருகினார்கள். வேறு நெட்டுக்கு எங்கே போவது?

வேலை போன செண்பகவல்லியும் செருகினாள். வேறு வேலைக்கு ஆன்லைனில்தான் விண்ணப்பிக்க வேண்டுமாம்.