குருவிக்கூடும் உளுந்து மாவும்

ஒரு ஊர்ல, கடலும் பாறையுமா இருந்த ஒரு ஊர்ல, முத்திருளன்னு ஒருத்தன் இருந்தான். அவன் பொண்டாட்டி பேரு பவளாயி. கடலை ஒட்டி ஒரு பெரிய பாறை, பாறையில ஒரு குகை, குகைக்குள்ள பகல்லயும் இருட்டு. அந்த இருட்டுல உழவாரக் குருவிங்க கூடு கட்டும். எதால கட்டும்? குச்சியாலயா? இல்ல. மண்ணாலயா? இல்ல. வைக்கோலாலயா? அதுவும் இல்ல. தன் எச்சிலையே நூல் மாதிரி இழுத்து இழுத்துப் பாறையில ஒட்டிக் கட்டும். முகத்தைச் சுளிக்காதீங்க, தேனு மட்டும் எங்கிருந்து வருதாம்?

முத்திருளன் கயிறு கட்டி ஏறுவான். ஏறி, கூட்டுமேல காதை வச்சுக் கேப்பான். குஞ்சு சத்தம் கேட்டா தொடமாட்டான், இறங்கிடுவான். குஞ்சு பறந்துபோன கூட்டைத்தான் எடுப்பான். குஞ்சு வளந்த கூடு இல்லையா, அதனால அதுல சிறகு நிறைய ஒட்டியிருக்கும். அதைப் பொறுக்கி எடுத்துச் சமைக்கிறது பவளாயி வேலை.

அந்த நாட்டு ராசாவுக்கு ஒரே மக. அந்தப் புள்ள இருமி இருமி இளைச்சுப்போச்சு. கஞ்சி கொடுத்தா துப்புச்சு, பால் கொடுத்தா துப்புச்சு, மோர் கொடுத்தாலும் துப்புச்சு. வைத்தியர் பாத்துட்டு, "குருவிக்கூட்டைக் கற்கண்டு போட்டு வேகவச்சுக் கொடுங்க, அதுதான் இனி உள்ள இறங்கும்"னு சொல்லிட்டார். உடனே ராசா முத்திருளன்கிட்ட ஒரு கூடு வாங்கி, அரண்மனைச் சமையக்கட்டுக்குத் தலைவியா இருந்த சொக்கநாச்சி கையில கொடுத்தார்.

சொக்கநாச்சி அதுவரைக்கும் கூடு சமைச்சதில்ல. தெரியாதுன்னு சொல்ல அவளுக்கு வாய் வரல. கொதிக்கிற தண்ணியில கூட்டை அப்படியே போட்டா, அடுப்பை எரியவிட்டா, வெத்தலை போடப் போயிட்டா. ஊர்க்கதை பேசிட்டு வந்து மூடியைத் திறந்தா, கூட்டைக் காணோம். கரைஞ்சே போச்சு. வெறும் தண்ணியில கறுப்புச் சிறகு நாலஞ்சு மிதக்குது.

தெரியாதுன்னு சொல்ல வராத வாய்க்குப் பொய் மட்டும் வந்துச்சு. நேரா ராசாகிட்டப் போயி, "ராசா, மோசம் போயிட்டோம். முத்திருளன் கொடுத்தது கூடே இல்ல, வெறும் மரப்பிசின். சிறகை ஒட்டி உங்களையே ஏமாத்திட்டான்"னு சொன்னா.

ராசாவுக்குக் கண்ணு சிவந்துபோச்சு. "சாகக் கிடக்கிற என் புள்ளகிட்டயா ஏமாத்து வேலை? இன்னைக்குப் பொழுது சாயறப்ப அவனை அந்தப் பாறை உச்சியில இருந்தே கடல்ல தள்ளுங்க"ன்னு உத்தரவு போட்டுட்டார். முத்திருளன் கையைக் கட்டிப் பாறைக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க.

பவளாயி காதுல விழுந்ததும் தலையை முடியக்கூட நிக்காம ஓடி வந்தா.

"ராசா, என் வீட்டுல இன்னொரு கூடு இருக்கு. என் கையால சமைச்சுக் கொண்டாரேன். அது பிசினா இருந்து கரைஞ்சுபோனா, அவரோட என்னையும் தள்ளிடுங்க."

பக்கத்துல நின்ன சொக்கநாச்சி, "ஒரு சிறகு இருந்தா? புள்ள தொண்டையில சிக்கினா என்ன ஆகும்?"னு கேட்டா.

பவளாயி அவளைத் திரும்பிப் பாத்தா. "ஒரு சிறகு இருந்தாலும் தள்ளிடுங்க."

ராசா ஒத்துக்கிட்டார். ஆனா அந்த அரண்மனையில ஒரு வழக்கம் இருந்துச்சு. வெளியில சமைச்சு வர்ற பானையில யாராவது விஷம் கலந்துடக் கூடாதுன்னு, அடுப்புல ஏத்துறப்பவே மூடியைச் சுத்தி உளுந்து மாவைப் பூசிடணும். சமைச்சவ கையாலதான், ராசா கண்ணு முன்னாலதான் உடைக்கணும். அதுக்குக் காவலா உடையப்பன்னு ஒரு காவக்காரனை அனுப்பினார். சமையலைப் பாத்துக்கன்னு சொக்கநாச்சியையும் அனுப்பினார். பாத்தீங்களா, பாலுக்குப் பூனையைக் காவல் வச்ச மாதிரி!

பவளாயி கூட்டைப் பச்சைத் தண்ணியில ஊறப்போட்டா. பொழுது ஏறிக்கிட்டே இருக்கு. கூடு மெள்ள மெள்ள உப்பி இழை இழையாப் பிரிஞ்சதும், முள்வாங்கியை எடுத்து ஒவ்வொரு சிறகா இழுத்து, ஒரு சிரட்டையில போட்டா.

"ஏண்டி, சமைக்கிறியா, பேன் பாக்குறியா?"ன்னு சொக்கநாச்சி சிரிச்சா.

"பேன்னா ஓடும் அக்கா, கையில சிக்காது. சிறகு பாவம், இருந்த இடத்துலயே இருக்கும்."

"உன் புருசன் பாறையில நிக்கிறான். உனக்குப் பேச்சைப் பாரு!"

பவளாயிக்குக் கண்ணுல தண்ணி முட்டுச்சு. ஆனா துடைக்கல. துடைச்சா கை நின்னுடும், நின்னா நேரம் போயிடும். வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா, தண்ணியில அலசிப் பாத்தா, விரலால தடவிப் பாத்தா. ஒரு சிறகுகூட இல்ல.

அப்புறம் கூட்டையும் கற்கண்டையும் தண்ணியோட சின்னப் பானையில போட்டு மூடி, வாயைச் சுத்தி உளுந்து மாவை அப்பிப் பூசினா. அந்தச் சின்னப் பானையைப் பெரிய பானைத் தண்ணிக்குள்ள இறக்கி, தீயைச் சின்னதா வச்சா. வெளியில இருக்கிற தண்ணிதான் கொதிக்கணும், உள்ள இருக்கிற கூடு ஆவிச் சூட்டுல வேகணும். அதுதான் பக்குவம்.

அவ குனிஞ்சு அடுப்பை ஊதுற நேரம் பாத்து, சொக்கநாச்சி சிரட்டையில இருந்த சிறகை ஒரு கிள்ளு கிள்ளி மடியில சொருகிக்கிட்டா.

வெந்து இறக்கினப்ப மாவு கெட்டியா இறுகிப்போயிருந்துச்சு. உடையப்பன் விரலால தட்டிப் பாத்தான். டொக்குன்னு சத்தம் கேட்டுச்சு. "கல்லு மாதிரி இருக்கே, ஆத்தா"ன்னு சொல்லிட்டு, துணியைச் சுத்திப் பானையைத் தூக்கிட்டு நடந்தான்.

அரண்மனை வாசல் வந்துச்சு. சொக்கநாச்சி வழியை மறிச்சா. "பானையைக் கொடு. வெள்ளித் தட்டுல வச்சு நான்தான் உள்ள கொண்டு போகணும். நீங்க சபையில போய் நில்லுங்க."

வாங்கிட்டுச் சமையக்கட்டுக்குள்ள போயி, கதவைச் சாத்தினா. கத்தி முனையால மாவைப் பேத்தா, மூடியைத் திறந்தா, மடியில இருந்த சிறகை உள்ள உதறினா. சாயங்கால வடைக்கு அரைச்ச உளுந்து மாவு ஆட்டுக்கல்லுலயே இருந்துச்சு. அதை வழிச்சு, பழையபடியே பூசினா. அதுக்குள்ள ராசா, "எங்க பானை?"ன்னு கூப்பிட்டார். இவ மாவை ஊதினா. "எங்க பானை?"ன்னு மறுபடி கூப்பிட்டார். முந்தானையால விசிறினா. மூணாந்தரம் கூப்பிட்டதும், வேற வழியில்லாம எடுத்துட்டுப் போனா.

சூரியன் கடலைத் தொடப் போகுது. பாறை உச்சியில முத்திருளன் நிக்கிறது சபை சன்னல்ல தெரியுது. பவளாயி உடைக்கிறதுக்குப் பானையைத் தொட்டா. தொட்ட விரல் மாவுக்குள்ள பொதுக்குன்னு அமுங்குச்சு. அவ சட்டுன்னு கையை எடுத்துட்டா.

"ராசா, நான் திறக்க மாட்டேன். முதல்ல நீங்க வந்து ஒரு விரலை வச்சுப் பாருங்க."

ராசா விரலை வச்சார். மாவு விரலோட ஒட்டிக்கிட்டு வந்துச்சு. "என்ன இது, பச்சை மாவா இருக்கு?"

சொக்கநாச்சி முந்திக்கிட்டா. "பாத்தீங்களா ராசா! இவ அடுப்புலயே வைக்கல. வேகாததைக் கொண்டாந்திருக்கா!"

சபையில இருந்தவங்க எல்லாம் ஆமா ஆமான்னு தலையாட்டினாங்க.

பவளாயி அழல. "அப்ப நீங்களே திறங்க, ராசா. உள்ள வேகாம இருந்தா நானே நடந்துபோய் அவர் பக்கத்துல நிக்கிறேன். உள்ள வெந்திருந்தா, வெந்த பானைக்குப் பச்சை மாவு பூசின கை எதுன்னு கேளுங்க."

ராசா மூடியை எடுத்தார். குப்புன்னு ஆவி வந்துச்சு. கூடு கரையல. கண்ணாடி இழை மாதிரி வெந்து மினுங்குச்சு. அதுமேல கறுப்பா நாலு சிறகு கிடந்துச்சு.

"நான் தட்டினப்ப டொக்குன்னு சத்தம் கேட்டுது, ராசா. அப்பிடியேதான் இந்தம்மா கையில கொடுத்தேன்"னு சொன்னான் உடையப்பன்.

"சொக்கநாச்சி, கையைக் காட்டு."

அவ கையைப் பின்னால மறைச்சா. ராசா பிடிச்சு இழுத்துப் பாத்தா, பத்து நகத்துலயும் உளுந்து மாவு. அவ அப்பிடியே கால்ல விழுந்து, முதல் கூட்டைக் கரைச்சதுல இருந்து எல்லாத்தையும் கக்கிட்டா.

"ஓடுங்க! அவனை அவுத்து விடுங்க!"ன்னு ராசா கத்தினார். வெள்ளைத் துணியை ஆட்டிக்கிட்டு ஆளுங்க பாறைக்கு ஓடினாங்க. சூரியன் பாதி முங்கியிருந்துச்சு. ஓடினவங்க கயித்தை அவுத்ததும் முத்திருளன் தடுமாறி அங்கயே உக்காந்துட்டான்.

பவளாயி இடுப்புல இருந்து முள்வாங்கியை எடுத்து, அந்த நாலு சிறகையும் பொறுக்கிப் போட்டுட்டு, புள்ள வாயில ஊட்டினா. முதல் வாயை முழுங்குச்சு. ரெண்டாவது வாயையும் முழுங்குச்சு. மூணாவது வாய்க்கு, "இன்னும் கொடு"ன்னு கேட்டுச்சு. ராசா ஓன்னு அழுதுட்டார்.

"இவளைக் கடல்ல தள்ளுங்க"ன்னு சொக்கநாச்சியைக் காட்டினார்.

"வேணாம் ராசா. மீன் இவளைத் தின்னா அதுக்குத்தான் வயித்து வலி. எங்கிட்டக் கொடுங்க, எனக்கு ஆள் வேணும்"னா பவளாயி.

அன்னையில இருந்து சொக்கநாச்சி பவளாயி வீட்டு வாசல்ல குந்தி, முள்வாங்கியும் கையுமா, விடிஞ்சதுல இருந்து பொழுது சாயற வரைக்கும் சிறகு பொறுக்கிக்கிட்டே இருந்தா. பவளாயி போறப்ப வர்றப்ப எல்லாம், "ஏன் அக்கா, சமைக்கிறியா, பேன் பாக்குறியா?"ன்னு கேப்பாளாம்.

தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லியிருந்தா, அவ கடைசிவரைக்கும் அரண்மனைச் சோறே சாப்பிட்டிருப்பா. பானையும் இறக்கியாச்சு, கதையும் இறக்கியாச்சு. வாயை மாவு பூசி மூடிக்கிட்டுத் தூங்குங்க.