மீட்டர் ஓடாத கார்

பம்புசெட் கம்பெனி முதலாளி பொங்கியண்ணன் ஒரு பழைய இத்தாலி ரேஸ் காரை வாங்கினார். அதற்கு எஞ்சின் சாமான் வரவழைக்க, கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் வந்துபோகும் வேனை விற்றார். பெண்கள் மூன்று மைல் நடந்தார்கள். வேன் ஓட்டிய மயிலாத்தாள் காருக்குத் தூசி தட்டினாள். வேனைத் திரும்ப வாங்க வைக்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள்.

ஒருநாள் முதலாளி உத்தரவு போட்டார். "சாயங்காலம் காரைக் கிளப்புக்குக் கொண்டா. கோயமுத்தூரே பாக்கோணும். ஆனா மீட்டர் ஏறுனா காரோட மதிப்பு எறங்கிப்போயிரும். ஒரு கிலோமீட்டர் ஏறுனாலும் உனக்கு வேலையில்லை."

"ஆகட்டுங்க" என்றாள் மயிலாத்தாள்.

சாயங்காலம் கிளப் வாசலில் முதலாளி விருந்தாளிகளோடு காத்து நின்றார். பம்புசெட் ஏற்றும் கம்பெனி லாரி வந்து நின்றது. அதன்மேல் கயிறு போட்டுக் கட்டிய சிவப்புக் கார். காரைச் சுற்றிலும், வழியில் ஏற்றிக்கொண்ட கம்பெனிப் பெண்கள்.

"அடடா, ரிப்பேருங்களா?" என்றார் ஒரு விருந்தாளி.

லாரியை ஓட்டிவந்த மயிலாத்தாள் தலையை நீட்டினாள். "இல்லீங்க, ஜம்முனு ஓடும். ஓட்டறதுக்குத்தான் எங்க மொதலாளிக்குக் கட்டுபடியாகலீங்க."

கிளப்பே சிரித்தது. முதலாளியின் முகம் காரைவிடச் சிவந்தது. "என்ன புள்ள இது?"

"நீங்க சொன்னதுதானுங்க. ஊரே பாத்துருச்சு. மீட்டர் அசையலை."

அடுத்த வாரம் கார் போனது, வேன் வந்தது. பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது மயிலாத்தாள் மீட்டரைத் தட்டிக்கொடுத்தாள்.

"நீ ஓடு சாமி."