பூதத்துக்கு ஒரு இலை

மேட்டூர்ச்சந்தை டாக்கீஸில் ஒவ்வொரு திருவிழாவுக்கும் அதே பழைய பேய்ப்படம்தான். ஒரு விஞ்ஞானி பிணங்களைத் தைத்து, மின்னலைப் பாய்ச்சி, ஒரு பூதத்தை எழுப்புவார். அவர் செத்த பிறகு மகன் வந்து அதைக் கொளுத்துவான். ஊரே விசிலடிக்கும்.

விஞ்ஞானி அந்த ஊர்க்காரர். பூதமும் நிஜம்தான். அவர் செத்த பிறகும் அவர் பங்களாவின் நிலவறையில் இன்னும் இருந்தது. முடிவை மட்டும் படக்காரர்கள் தாங்களாகப் போட்டுக்கொண்டார்கள்.

மகன் ஆதிமூலம், டாக்டர். தலை நரைத்தும் கல்யாணம் ஆகவில்லை. பூதம் இருக்கிற வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? இப்போதுதான் தையல்நாயகி டீச்சர் சம்மதித்திருந்தார். ஆனால் அவர் வீட்டார், படத்தில் வருகிறபடி செய்துவிட்டு வந்தால்தான் முகூர்த்தம் என்று சொல்லிவிட்டார்கள்.

பாவம், மனிதர் மண்ணெண்ணெய் டின்னோடு, தனக்குத் தியானம் சொல்லித் தரும் குருவிடம் வந்து நின்றார். குரு செங்கமலம் அவரைவிட வயதில் இளையவர். வாய் கொஞ்சம் நீளம்.

"அம்மா, அப்பா செஞ்சதை மகன்தானே தீர்த்து வைக்கணும்?"

"படத்துல அப்படித்தான் வருதா?"

"நீங்க பார்த்ததில்லையா?"

"பாதியில தூங்கிட்டேன். உங்க வீட்டுப் பூதத்துக்குச் சாப்பாடு எப்படி, டாக்டரே?"

"கதவுக்கு வெளியே வச்சிட்டு ஓடி வந்துடுவேன்."

"இன்னிக்கு ஓட வேண்டாம். டின்னை இங்கயே வைங்க, ஸ்டவ்வுக்கு ஆகும்."

நிலவறையில் குரு மூன்று இலை போட்டார். பூதம் தலை இடிக்காமல் குனிந்து வந்து, சமர்த்தாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. சோறும் சாம்பாரும் விழுந்தன.

டாக்டர் வழக்கம்போலக் கறிவேப்பிலையைப் பொறுக்கி இலை ஓரத்தில் வரிசையாக அடுக்கினார். நிமிர்ந்தால், எதிர் இலையிலும் அதே வரிசை. தையல் போட்ட தடித்த விரல்கள் இன்னொரு கறிவேப்பிலையை வரிசையின் நுனியில் வைத்துக்கொண்டிருந்தன.

"இது எங்க அப்பா பழக்கமாச்சே!"

"அவரோடதான் தினமும் சாப்பிடுவேன்," என்றது பூதம் கரகரத்த குரலில். "நீங்க ஹாஸ்டல்ல இருந்தீங்க. 'உன் அண்ணனுக்கும் இது ஆகாது'ன்னு சொல்லிச் சிரிப்பார்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து எதிர் இலையில் வைத்தார். பூதம் அதை ஒரே வாயில் போட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. குரு அடுத்த அப்பளத்தைத் தானே எடுத்து வைத்தார்.

வெளியே வந்ததும்தான் டாக்டருக்குப் பழைய கவலை வந்தது.

"அம்மா, பொண்ணு வீட்டுல இப்போ நான் என்ன சொல்றது?"

"மாப்பிள்ளைக்கு ஒரு தம்பி உண்டுன்னு சொல்லுங்க. பந்தல் போட ஏணி தேட வேண்டாம்."